சுடுகாட்டுப் பூவும் நிக்காத லூப்பும்

முதல்லயே ஒரு டிஸ்கி: நான் டாக்டர் கிடையாது. இன்ஜினியரிங் முடிச்சிட்டு ஓ.எம்.ஆர்ல பொட்டி தட்டுறவன். கீழே இருக்கறது எங்க வீட்டுல ஒரு மூணு வருஷம் ஓடின விஷயத்தை புரிஞ்சிக்கறதுக்காக ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சது. வைத்தியத்துக்கு டாக்டரைப் பாருங்க, கதைக்கு மட்டும் என்கிட்ட வாங்க.

2021 ஆகஸ்ட். விழுப்புரத்துல இருக்கற அக்கா பையனுக்கு விட்டு விட்டு காய்ச்சல். அஞ்சு வயசு அப்போ. கொரோனா ரெண்டாவது அலை ஓய்ஞ்சிருந்த நேரம், அதனால எல்லாரும் முதல்ல மூக்குல குச்சி விட்டுத்தான் பார்த்தாங்க. நெகட்டிவ். ஒரு கிளினிக்ல மூணு வாரம் ஆன்டிபயாடிக்கா மாத்தி மாத்தி குடுத்தாங்க. பையன் வெளுத்துக்கிட்டே போனான், கால்ல நீலம் நீலமா திட்டு. கடைசியில ஒரு வயசான டாக்டர் பார்த்த உடனே "ரத்தம் எண்ணிப் பாருங்க, இன்னைக்கே" அப்படின்னார். மறுநாள் காலையில புதுச்சேரி ஜிப்மர்ல வரிசையில நின்னோம். ஏ.எல்.எல், அதாவது குழந்தைகளுக்கு வர்ற ரத்தப்புற்றுல ரொம்ப அதிகமா வர்ற வகை.

சிகிச்சை அட்டையில வரிசையா மருந்து பேர். அதுல ரெண்டு பேரு என் கண்ணுல மாட்டிக்கிச்சு. வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட். ராத்திரி செல்போன்ல தேடினா, வின்கிரிஸ்டின் ஒரு செடியிலேர்ந்து வருதாம். படத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டுது. அட, நம்ம நித்தியகல்யாணி!

எங்க ஆயா ஊரு திண்டிவனத்துலேர்ந்து மயிலம் போற பக்கம். அங்க இதுக்குப் பேரு சுடுகாட்டுப் பூ. வருஷம் பூரா பூக்கும், தண்ணி ஊத்த வேணாம், ஆடு மாடு வாய் வைக்காது. அதனாலயே புதைகுழி ஓரமெல்லாம் இதுதான். சின்ன வயசுல நான் ஒருதடவை ஆசையா பறிச்சிட்டு வந்ததுக்கு ஆயா வாசல்லயே நிறுத்தி, பூவைத் தூக்கி எறிஞ்சிட்டு, கையை கழுவ வெச்சுதான் உள்ள விட்டுச்சு. அந்தப் பூவோட சாரம்தான் இப்போ குழந்தை ஒடம்புல வாரம் ஒருக்கா ஏறுது.

விஷயத்தை ஊர்ல சொன்னது நான் பண்ணின பெரிய தப்பு. ரெண்டே நாள்ல ஆளுக்கு ஒரு யோசனை. "அதே செடிதான, இங்க கொட்டிக் கெடக்குது. கஷாயம் வச்சு குடு. எதுக்கு கொழந்தைய ஊசியால குத்தி, மொட்டை அடிச்சு, வாந்தி எடுக்க வெக்கணும்?" மாமாவும் கொஞ்சம் சாய ஆரம்பிச்சார். பெத்தவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, முதல் மாசம் அந்தப் பையன் பட்ட பாட்டை பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். கஷாயம் ஏன் கூடாதுன்னு அவருக்கு விளக்க வேண்டிய வேலை என் தலையில விழுந்துச்சு. அதுக்காகப் படிக்க ஆரம்பிச்சதுதான் இது.

முதல்ல செல் கதை. நம்ம ஒடம்புல ஒரு செல் ரெண்டா ஆகறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. 1950களோட ஆரம்பத்துல லண்டன்ல அல்மா ஹோவர்ட், ஸ்டீபன் பெல்க் ரெண்டு பேரும் மொச்சை மாதிரி ஒரு அவரைச் செடியோட வேர்நுனிக்கு கதிரியக்க பாஸ்பரஸ் குடுத்துப் பார்த்தாங்க. அதுவரைக்கும், செல் பிரியறப்ப மட்டும்தான் வேலை நடக்குது, மீதி நேரம் சும்மா கெடக்குதுன்னு நினைப்பு. இவங்க பார்த்தா, டி.என்.ஏவை நகல் எடுக்கற வேலை நடுவுல ஒரு குறிப்பிட்ட நேரத்துல மட்டும் நடக்குது. அதுக்கு முன்னாடி ஒரு இடைவெளி, பின்னாடி ஒரு இடைவெளி. ஜி1, எஸ், ஜி2, எம்னு நாலு கட்டம். ஜி1ல வளர்ச்சி, எஸ்ல நகல், ஜி2ல சரிபார்ப்பு, எம்ல ரெண்டா பிரியறது. வேகமா வளர்ற மனுஷ செல்லுக்கு மொத்தச் சுத்தும் சுமார் 24 மணி நேரம், அதுல கடைசி பிரிவினை ஒரு மணி நேர வேலைதான்.

எங்க பொழப்புல சொன்னா இது ஒரு லூப். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல ஒரு இஃப் கண்டிஷன். நகல் சரியா வந்துச்சா? ஒடைஞ்ச இடம் இருக்கா? சாப்பாடு போதுமா? பதில் இல்லைன்னா அங்கயே நில்லு, சரிபண்ணு, முடியலைன்னா செத்துப் போ. இந்தக் கண்டிஷன்ல ஒண்ணு ரெண்டை யாரோ கமென்ட் போட்டு வச்சிட்டா லூப் நிக்காம ஓடும். புத்துநோய்ங்கறது பெரும்பாலும் இதுதான். அதுக்காக கேன்சர் செல் எல்லாமே அசுர வேகத்துல பெருகுதுன்னு நினைக்காதீங்க. குடல் உள்தோலும் எலும்பு மஜ்ஜையும் பல கட்டிகளை விட வேகமாவே பெருகும். வேகத்தை விட முக்கியமான வித்தியாசம், இதுங்களுக்கு நிக்கத் தெரியும், அதுக்கு நிக்கத் தெரியாது.

இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம். இந்த லூப்பு எப்படி ஓடுதுன்னு யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடியே அதை நிறுத்தற மருந்து வந்திருச்சு. எங்க டீம்ல காரணம் தெரியாம பேட்ச் போட்டா திட்டு விழும். மருத்துவத்துல அந்த பேட்ச் குழந்தைங்களைக் காப்பாத்தியிருக்கு.

மெத்தோட்ரெக்ஸேட் கதை சென்னையில ஆரம்பிக்குது. எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895ல பீமவரத்துல பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிரசிடென்சி, அப்புறம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். காந்தி சொன்னார்னு கதர்ல தச்ச அறுவை அங்கியை போட்டுக்கிட்டு போனதுல அறுவை சிகிச்சை பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு கோபம். விளைவு, எம்.பி.பி.எஸ் கிடைக்காம அதைவிடக் கீழான எல்.எம்.எஸ் சர்டிபிகேட்தான் கிடைச்சது. அண்ணன் தம்பியை நோய்க்கு பறிகொடுத்தவர், தானே ஸ்ப்ரூங்கற குடல் நோய்ல சாகக் கிடந்து பிழைச்சவர். 1922ல பாஸ்டன் போனார். ரத்தத்துல பாஸ்பரஸ் அளக்கற ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை இன்னிக்கும் பாடப் புத்தகத்துல இருக்கு. ஏ.டி.பி மூலக்கூறை கண்டுபிடிச்சவங்கள்ல அவரும் ஒருத்தர். இருந்தும் ஹார்வர்டுல நிரந்தர வேலை தரலை. 1940ல லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போயிட்டார்.

நடுவுல இன்னொரு சரடு. லூசி வில்ஸ்னு ஒரு ஆங்கில டாக்டரம்மா 1928 வாக்குல பம்பாய்ல மில் தொழிலாளிப் பெண்களுக்கு கர்ப்ப காலத்துல வர்ற ஒரு சோகையை ஆராய்ஞ்சாங்க. ஈஸ்ட்லேர்ந்து செய்யற மார்மைட்டை குடுத்தா ரத்தம் ஊறுது. அப்புறம் குன்னூர்லயும், சென்னையில கோஷா ஆஸ்பத்திரியிலயும் வேலை பார்த்திருக்காங்க. மார்மைட்ல இருந்த அந்த சங்கதிதான் ஃபோலிக் அமிலம். அதை 1945ல செயற்கையா செஞ்சு காட்டினது சுப்பாராவ் குழு.

ஃபோலிக் அமிலம் இல்லாம டி.என்.ஏ நகல் எடுக்க முடியாது. அதாவது எஸ் கட்டத்துக்கான கச்சாப் பொருள். அப்போ இது யாருக்கும் தெளிவா தெரியாது. பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்ங்கற குழந்தைகள் மருத்துவமனை டாக்டர், சோகைக்கு நல்லதுன்னா ரத்தப்புற்றுக்கும் நல்லதா இருக்கும்னு ஃபோலிக் அமில வகையறாவை குழந்தைங்களுக்குக் குடுத்தார். நோய் இன்னும் வேகமா போச்சு! பயங்கரமான தப்பு. ஆனா அந்த மனுஷன் அதைத் திருப்பிப் போட்டு யோசிச்சார்: இது தீனின்னா, இது மாதிரியே இருக்கற போலித் தீனியைக் குடுத்தா? லெடர்லேல சுப்பாராவ் ஆளுங்க அந்தப் போலியையும் செஞ்சு வச்சிருந்தாங்க. அமினோப்டெரின். 1948ல வந்த ஃபார்பரோட கட்டுரையில 16 குழந்தைங்க, அதுல 10 பேருக்கு நோய் தற்காலிகமா தணிஞ்சது. அதுக்கு முன்னாடி அந்த நோய்க்கு அப்படி ஒண்ணு நடந்ததே இல்லை. அமினோப்டெரினோட தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். அதே வருஷம் ஆகஸ்ட்ல சுப்பாராவ் தூக்கத்துலயே போயிட்டார், 53 வயசு. நோபல் எதுவும் கிடையாது. ராயப்பேட்டையில பஸ்ஸுக்கு நிக்கற பத்து பேர்கிட்ட கேளுங்க, ஒருத்தருக்காவது அவரைத் தெரியுமான்னு.

இப்போ பூவுக்கு வருவோம். நித்தியகல்யாணி நம்ம ஊர் செடியே இல்லை, மடகாஸ்கர்லேர்ந்து கப்பலேறி உலகம் பூரா பரவினது. ஜமைக்காவுல அதோட இலையை டீ போட்டு சர்க்கரை நோய்க்கு குடிப்பாங்க. 1952ல அங்கேர்ந்து ஒரு உறையில கொஞ்சம் இலை கனடாவுக்கு வந்துச்சு, ராபர்ட் நோபிள்ங்கற ஆராய்ச்சியாளர் கைக்கு. எலிக்கு வாய் வழியா குடுத்தார், சர்க்கரை அளவு அசையலை. வேற ஆளா இருந்தா குப்பையில போட்டிருப்பார். இவர் ஊசியா போட்டுப் பார்த்தார். எலிங்க ஒரு வாரத்துல கிருமி தொத்தி செத்துப் போச்சு. ஏன்னு பார்த்தா வெள்ளையணுவே இல்லை. மஜ்ஜை காலி! வெள்ளையணுவை இப்படிக் குறைக்கும்னா, வெள்ளையணு கட்டுக்கடங்காம பெருகற நோய்க்கு? சார்லஸ் பீர்ங்கற வேதியியலாளரோட சேர்ந்து 1958க்குள்ள வின்பிளாஸ்டினை பிரிச்சு எடுத்துட்டார். அதே சமயம் அமெரிக்காவுல எலி லில்லி கம்பெனியிலயும் இதே செடியை நோண்டிக்கிட்டு இருந்தாங்க. அங்க கார்டன் ஸ்வபோடா பிரிச்ச வின்கிரிஸ்டின் 1963ல அனுமதி வாங்கி சந்தைக்கு வந்துச்சு.

மேல ஒரு வரியை கவனிச்சீங்களா? வாய் வழியா குடுத்தப்ப ஒண்ணும் நடக்கலை, ஊசியாப் போட்டாதான் நடந்துச்சு. மாமாவுக்கு நான் சொன்ன முதல் பதிலே அதுதான். ரெண்டாவது, அளவு. இலையில வின்கிரிஸ்டின் அவ்வளவு சொற்பம், ஒரு கிராம் எடுக்க நூத்துக்கணக்கான கிலோ காய்ஞ்ச இலை வேணும். தென்மாவட்டத்துல மானாவாரி நிலத்துல இதைப் பயிராவே போட்டு இலை மூட்டை மூட்டையா ஏத்துமதி ஆனது இதுக்குத்தான். ஒரு தடவைக்கு குழந்தைக்குப் போறதோ ஒண்ணு ரெண்டு மில்லிகிராம். பெரியவங்களுக்கே வழக்கமா 2 மில்லிகிராமுக்கு மேல போட மாட்டாங்க. ஒரு சொம்பு கஷாயத்துல எவ்வளவு இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த செடியில இதைத் தவிர நூத்துக்கு மேல வேற ஆல்கலாய்டு வேற இருக்கு. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவுல இவ்வளவு ஒல்லியான வரப்புல நடக்கறப்ப சொம்பு அளவு கணக்கெல்லாம் ஆகாது. மாமா ஒண்ணும் சொல்லலை. ஆனா அடுத்த வாரம் டாண்ணு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினார்.

வின்கிரிஸ்டின் பண்ற வேலை இன்னும் ஜோர். எம் கட்டத்துல நகலெடுத்த குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் இழுக்க செல் உள்ளயே கயிறு திரிக்கும். டியூபுலின்னு ஒரு புரதத்தை மணி கோர்த்த மாதிரி கோர்த்து செய்யற கயிறு. வின்கிரிஸ்டின் அந்த மணிகள்ல ஒட்டிக்கும், கயிறு திரியாது. ஒரே ஒரு குரோமோசோம் கயித்துல மாட்டலைன்னாலும் "எல்லாரும் ஏறியாச்சு, போலாம் ரைட்"னு செல் விசில் குடுக்காது. பஸ் அங்கயே நிக்கும். நின்னு நின்னு கடைசியில செல் தானே செத்துப் போகும். நரம்பு செல் பிரியறதில்லை, ஆனா அதுக்குள்ளயும் அதே கயிறுதான் தண்டவாளம் மாதிரி ஓடுது. அதனாலதான் இந்த மருந்து போட்டா கால் தொய்யும், தாடை வலிக்கும், மலச்சிக்கல் வரும். எங்க பையன் ஆறாவது ஏழாவது வாரத்துல பாதத்தைத் தூக்க முடியாம தேய்ச்சு தேய்ச்சு நடந்தான். அக்கா அழுதப்ப, இது மருந்தோட குணம், பெரும்பாலும் மெதுவா சரியாயிடும்னு டாக்டர் சொன்னார்.

ஏன் ஒரே மருந்துல முடியலைங்கறதும் இதுலயே தெரியும். ஒண்ணு எஸ் கட்டத்துல பிடிக்குது, ஒண்ணு எம்ல பிடிக்குது. எந்த நேரத்துலயும் செல்லுங்க வேற வேற கட்டத்துல இருக்கும், போதாததுக்கு சிலது லூப்பை விட்டு வெளிய வந்து தூங்கும். அதுக்கு ஜி0ன்னு பேர். தூங்கறதை எஸ்ஸோட மருந்தும் தொடாது, எம்மோட மருந்தும் தொடாது. 1962 வாக்குல அமெரிக்காவுல ஃப்ரை, ஃப்ரைரைக் ரெண்டு பேரும் வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட், 6-மெர்காப்டோப்யூரின், ப்ரெட்னிசோன் நாலையும் சேர்த்துப் போட்டாங்க. "குழந்தைக்கு ஒரு விஷம் போதாதா, நாலா?"ன்னு அந்தக் காலத்து பெரிய டாக்டருங்களே எதிர்த்தாங்களாம். தூங்கறவன் எழுந்திரிக்கறப்ப பிடிக்கணும்ங்கறதுக்குத்தான் ரெண்டு மூணு வருஷம் மாத்திரை. மூளைத் தண்டுவட நீர்ல ஒளிஞ்சுக்கறவனுக்கு முதுகுல ஊசியா மெத்தோட்ரெக்ஸேட். வின்கிரிஸ்டினை மட்டும் தப்பித்தவறிக்கூட முதுகுல போடக்கூடாது, உயிரே போயிடும். அதனால ரெண்டையும் ஒரே நேரத்துல ஒரே அறைக்குள்ள கொண்டு வராம பார்த்துக்கறது வழக்கம்.

சரி, அமெரிக்காவுல இதெல்லாம் நடந்தது. இங்க? 1923ல தங்கச்சியை புத்துநோய்க்கு பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விடாப்பிடியா நின்னு 1954ல அடையார்ல கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை ஆரம்பிச்சாங்க. 12 படுக்கை, ஓலைக் கொட்டகை. அவங்க பையன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா. 1960ல குழந்தைகளுக்கு தனிப் பிரிவு. அவங்க 2021 ஜனவரியில காலமானாங்க, எங்க பையனுக்கு நோய் தெரிய ஏழு மாசம் முன்னாடி. 1980களோட ஆரம்பத்துல கூட இந்தியாவுல இந்த ரத்தப்புற்று வந்த குழந்தைங்கள்ல பிழைச்சது நூத்துக்கு இருபது கூட இல்லை. 1980களோட நடுவுல அடையார், மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூணு இடமும் அமெரிக்காவோட இயன் மக்ராத் கூட சேர்ந்து எம்.சி.பி-841னு ஒரே சிகிச்சை முறையை எழுதிக்கிட்டாங்க. நம்ம வசதிக்கு, நம்ம காசுக்கு ஏத்த மாதிரி. 2005ல வெளிவந்த பதினாலு வருஷக் கணக்குல, நோய் திரும்பாம நாலு வருஷம் தாண்டினவங்க மையத்தைப் பொறுத்து நூத்துக்கு 40லேர்ந்து 60. அதே மருந்துங்கதான். கூட்டுற வரிசையும், கிருமி தொத்தாம பார்த்துக்கறதும், பாதியில யாரும் ஓடிப் போகாம பிடிச்சு வைக்கறதும்தான் வித்தியாசம். பாதியில ஓடறதுன்னா என்னன்னு இப்போ எனக்கு நல்லா தெரியும். ஒரு சொம்பு கஷாயம் தூரம்தான்.

லூப்போட சோர்ஸ் கோடை படிச்சதெல்லாம் இதுக்கப்புறம்தான். 1970ல ஹார்ட்வெல் ரொட்டி ஈஸ்ட்லயும், பின்னாடி பால் நர்ஸ் வேற ஒரு ஈஸ்ட்லயும் சுழற்சியை ஓட்டற ஜீனுங்களைக் கண்டுபிடிச்சாங்க. 1982ல டிம் ஹன்ட் கடல் முள்ளெலி முட்டையில ஏறி ஏறி இறங்கற சைக்ளின் புரதத்தைப் பார்த்தார். 1987ல நர்ஸ் ஆய்வகத்துல ஈஸ்ட்டோட ஜீனுக்குப் பதிலா மனுஷ ஜீனைப் போட்டாங்க, ஈஸ்ட் பாட்டுக்கு பிரிஞ்சு வளர்ந்துச்சு! ஈஸ்ட்டுக்கும் நமக்கும் ஒரே இன்ஜின். மூணு பேருக்கும் 2001ல நோபல்.

இன்ஜின் தெரிஞ்சதும் பிரேக்கும் தெரிஞ்சது. குழந்தைங்க கண்ணுல வர்ற கட்டியிலேர்ந்து கிடைச்ச ஆர்.பி, அப்புறம் பி53, பி16. எங்க பையனுக்கு வந்த நோய்ல பலருக்கு பி16 ஜீன் அழிஞ்சே போயிருக்குமாம். கர்ப்பப்பை வாய்ப் புத்துல ஹெச்.பி.வி வைரஸ் ஆர்.பியையும் பி53யையும் ஒருசேர முடக்குது. திண்டுக்கல் மாவட்டத்துல 2000த்துல ஆரம்பிச்ச ஆய்வுல கிராமத்துப் பெண்களுக்கு நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் சமாச்சாரம், தடவிப் பார்த்தே அந்த நோய்ச் சாவை 35 சதவீதம் குறைச்சாங்க. அது தனியா எழுத வேண்டிய கதை. ஆர்.பி பிரேக்கை விடுவிக்கற சி.டி.கே 4, 6 நொதிகளை நேரா குறிவைக்கற பால்போசிக்ளிப் மாத்திரை 2015ல மார்பகப் புத்துக்கு வந்துச்சு. 2023 ஜனவரியில இந்தியாவுல அதோட காப்புரிமை முடிஞ்சு, நம்ம ஊர் கம்பெனிங்க செய்ய ஆரம்பிச்சதும் விலை சரிஞ்சது. காரணம் தெரிஞ்சிக்கிட்டு போட்ட பேட்ச்னா இதைச் சொல்லலாம்.

பையனுக்கு 2024 மார்ச்ல மாத்திரை நிறுத்தினாங்க. இன்னும் பரிசோதனைக்குப் போய்க்கிட்டுதான் இருக்கான், ஒவ்வொரு தடவை ரிசல்ட் வர்ற வரைக்கும் அக்கா சாப்பிட மாட்டா. கால் சரியாயிடுச்சு. முடி வச்சதும் மயிலத்துல மறுபடியும் மொட்டை, அதுல அவனுக்கு செம கடுப்பு.

போன பொங்கலுக்கு ஆயா வீட்டுக்குப் போனப்ப பின்பக்கம் துணி துவைக்கற கல்லு ஓரமா நித்தியகல்யாணி ஒரு புதர் நின்னுச்சு, ரோஸ் கலர்ல. "என்ன ஆயா, சுடுகாட்டுப் பூவை வீட்டுக்குள்ளயே விட்டுட்ட?"ன்னு கேட்டேன். "தானா மொளைச்சிது. சாமிக்கு வெக்க மாட்டேன்" அப்படின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, செடியை இழுத்து விளையாடிக்கிட்டிருந்த பையனைப் பார்த்து ஒரு அதட்டல்: "டேய், அத்த புடுங்காத!"